என் மாமியார் ருசி பார்த்த பாலங்கள்

மசக்கைக்காரி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்பது எங்கள் வீட்டில் பழுத்த நம்பிக்கை. ஊரில் மற்றப் பெண்கள் மாங்காய் கேட்பார்கள், அடுப்புச் சாம்பல் கேட்பார்கள். நான் பாலம் கேட்டேன்.

வாய் தவறிக் கேட்டுவிடவில்லை. கட்டிக்கொண்டவர் அப்படி. சுந்தரராமன் என்று பெயர். பம்பாயில், கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் பாலங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை. மாதுங்காவில் மற்றவர்களுடைய புருஷன்மார் ஆபீஸ் விட்டு வந்தால் மானேஜரைத் திட்டுவார்கள், டிரான்ஸ்பரைப் பற்றிக் கவலைப்படுவார்கள். இவர் இரண்டு இட்லிகளுக்குக் குறுக்கே ஒரு முருங்கைக்காயை வைத்து, "ஷ்யாமளா, நடுவிலே விரலை வெச்சு அமுக்கு. எங்கே வளையறது பாரு" என்பார். காய் ஒடிந்து சாம்பார் என் புடவையில் தெறிக்கும். நான் திட்டுவேன். திட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறேன் போலிருக்கிறது. ஐந்தாம் மாதத்தில் எனக்குப் புளிப்பும் வேண்டியிருக்கவில்லை, இனிப்பும் வேண்டியிருக்கவில்லை. ஒரு பாலத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும் என்றிருந்தது.

பாலக்காட்டுக்கும் பம்பாய்க்குமாக எத்தனையோ தடவை ரயிலில் போய் வந்திருக்கிறேன். ஒரு பாலத்தையும் பார்த்ததில்லை. மேலே போகிறவர்களுக்குப் பாலம் என்பது வெறும் சத்தம். தூக்கத்தில் தடதடவென்று கேட்கும், யாராவது "கிருஷ்ணா நதி" என்று சொல்லி ஜன்னல் வழியாகக் காசு போடுவார்கள், சத்தம் நின்றுவிடும். அத்தனை பாரத்தையும் தாங்கிக்கொண்டு கீழே ஒன்று நிற்கிறதே, அதன் முகம் எப்படி இருக்கும் என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

என் மாமியார் வாலாம்பாளுக்கு இது பெரிய தர்மசங்கடமாகப் போயிற்று. ஏனென்றால் அவரிடம் இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் ஆறு தாண்டக் கூடாது. வேறு சமயமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். சிரிக்க முடியாதபடி இரண்டு தடவை நடந்துவிட்டது. முதல் பிள்ளை, ஊருக்குப் போய்விட்டுத் திரும்பிய அதே வாரத்தில் கலைந்தது. இரண்டாவது, நாத்தனார் கல்யாணத்துக்குப் போகிற வழியில், ரயிலிலேயே. டாக்டர்கள் ஏதேதோ காரணம் சொன்னார்கள். மாமியார், "நடுவிலே ஆறு இருந்தது" என்று மட்டும் சொன்னார். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் பயம் இருந்தது. நம்பிக்கை இல்லாத இடத்தில் பயம் மட்டும் எப்படிக் குடியிருக்கும் என்று கேட்காதீர்கள். இருந்தது.

அதனால் இந்த மூன்றாவது தடவை, பிரசவத்துக்குப் பிறந்த வீடு போவதுகூட இல்லை என்று முடிவாகியிருந்தது. இந்த நிலைமையில்தான் நான் பாலம் கேட்டேன். பார்க்காவிட்டால் காது, தாண்டினால் உயிர்.

வழி கண்டுபிடித்தது இவர்தான். "அம்மா, பம்பாய் தீவுதானே? சுத்தி இருக்கிறது கழி. கழின்னா கடல் உள்ளே வந்து நிக்கிறது. அது ஆறே இல்லை. கழிமேலே இருக்கிற பாலத்தைத் தாண்டலாம். ஆத்துப் பாலம் வந்தா இந்தக் கரையிலேயே நின்னு பாத்துட்டுத் திரும்பிடலாம்."

மாமியார் ஒரு நாள் முழுவதும் யோசித்தார். மறுநாள் காப்பி ஆற்றும்போது தீர்ப்புச் சொன்னார். "கடல்னா கரிக்கும். ஆறுன்னா கரிக்காது. நானும் வரேன். தண்ணியை நாக்கிலே வெச்சுப் பாத்துச் சொல்றேன். கரிச்சாத் தாண்டலாம்."

கடல் தாண்டுவதும் சாஸ்திரத்துக்கு ஆகாது என்பதை யாரும் அப்போது நினைவுபடுத்தவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பாம்பும் சாக வேண்டும், கோலும் முறியக் கூடாது.

சுதந்திரம் வந்து இரண்டாவது தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். மறுநாள் பௌர்ணமி. மாமனார் பாலங்களைவிடப் பகல் தூக்கம் உசத்தி என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். மாதுங்கா ஸ்டேஷன் வாசலில் டாக்ஸி வைத்திருந்த முகைதீனை இவர் நாள் முழுவதுக்கும் பேசியிருந்தார். காயல்பட்டணத்துக்காரர், தாராவியில் குடித்தனம். புளியோதரை, தயிர்சாதம், மாமியாரின் வெள்ளிக் கூஜா, அதில் வீட்டுத் தண்ணீர், எல்லாம் முன்ஸீட்டில் இவர் காலடியில் ஏறின.

சயானைத் தாண்டியதும் முதல் பாலம். தாழ்வான, தடித்த, அழகில்லாத பாலம். செம்பூர்ப் பக்கம் உப்பளங்களில் உப்பு வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடந்தது.

"அம்மா, சுத்தி உப்பு மலையா இருக்கு. இதையுமா ருசி பாக்கணும்?" என்றார் இவர்.

"பாக்கணும்."

முகைதீன் வண்டியை ஓரமாக நிறுத்தினார். மாமியார் புடவையைக் கணுக்காலுக்குத் தூக்கிக்கொண்டு சேற்றில் பார்த்துப் பார்த்து இறங்கினார். சுண்டுவிரல் நுனியைத் தண்ணீரில் தொட்டு, நாக்கு நுனியில் வைத்து, முகத்தைச் சுளித்தார். உடனே கூஜாவைச் சாய்த்து வாயைக் கொப்பளித்தார். ஊர் பேர் தெரியாத தண்ணீர் வாயில் பட்ட தீட்டு அதோடு போயிற்று. மேலே ஏறி வந்து, "கடல்தான்" என்றார்.

"ஆர்.டி.ஓ. ஆபீஸ்லகூட இம்புட்டுச் சோதனை கெடையாதும்மா" என்றார் முகைதீன். மாமியார் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்கி விலா வலித்தது.

தாணாவில் கழியின் மேல் கல் பாலம். அங்கேதான் முதன்முதலாக ஒரு பாலத்தை அதன் அடியிலிருந்து பார்த்தேன். வளைவுக்குப் பின்னால் வளைவு, அதற்குப் பின்னால் இன்னொன்று, தண்ணீரில் விழுந்த நிழலோடு சேர்ந்து முழு வட்டங்களாக நின்றன. பாசி படிந்த கல்லில் அலை வந்து தட்டிவிட்டுப் போயிற்று. மேலே மாட்டுவண்டி போகிற சத்தம் எங்கேயோ பக்கத்து வீட்டில் உரல் இடிப்பதுபோல் மெல்லக் கேட்டது.

"சுண்ணாம்பு இருக்கு, ஆனா அது ஒட்டறதாலே நிக்கலே" என்றார் இவர். குரல் தாழ்ந்திருந்தது, கோயிலில் பேசுகிற மாதிரி. "ஒவ்வொரு கல்லும் கீழே விழத்தான் பாக்கறது. எல்லாம் ஒரே சமயத்திலே விழப் பாக்கறதாலே ஒண்ணுக்கொண்ணு இடிச்சுண்டு, ஒண்ணாலேயும் விழ முடியலே."

"கூட்டுக் குடும்பம்னு சொல்லு" என்றார் மாமியார், கூஜாத் தண்ணீரைத் துப்பிவிட்டு.

கொஞ்சம் தள்ளி ரயில் பாலம். இந்த தேசத்தில் ரயில் முதன்முதலாகத் தண்ணீரைத் தாண்டியது இந்த இடத்தில்தான் என்று இவர் சொல்லி வாய் மூடவில்லை, ஒரு ரயில் வந்தது. பெட்டி பெட்டியாக ஜனங்கள், ஒருவர்கூடக் கீழே பார்க்கவில்லை. எனக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது. பாருங்களேன், உங்களை யார் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று பாருங்களேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. திரும்பிப் பார்த்தால் மாமியார் ரயிலைப் பார்க்காமல் தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முகைதீன் மும்ப்ரா வழியாகச் சுற்றி வந்து, கல்யாணுக்கு அப்பால் இவர் சொன்ன இடத்தில் உச்சிப்போதில் வண்டியை நிறுத்தினார். உல்லாஸ் நதி. இதற்கு மேலே போவதாக ஏற்பாடே இல்லை. நதி என்று பேரிலேயே இருக்கிறதே. இந்தக் கரையில் நின்று, எதிரே ஒரு கல் பாலத்தையும், அதற்கு மேலே தூரத்தில், ஆறு வளைகிற இடத்தில், ஒரு இரும்புப் பாலத்தையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியது.

ஆனால் இரும்புப் பாலம் இந்தக் கரையிலிருந்து சரியாகத் தெரியவில்லை. நடுவில் மரங்கள். இவர் எட்டி எட்டிப் பார்த்தார். இவர் ஆபீஸில் வருஷக்கணக்காகப் போடுகிற கோடெல்லாம் அந்த ஜாதி இரும்புப் பாலங்களுக்குத்தான். ஒன்றையாவது தொட்டுப் பார்த்ததில்லை. முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மாமியாருக்கும் பாவமாக இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்காமலே இறங்கிப் போனார். விரலை நாக்கில் வைத்தவர் அப்படியே நின்றார். இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார்.

"கரிக்கிறது" என்றார், நம்ப முடியாமல். "லேசாத்தான். ஆனா கரிக்கிறது."

"பௌர்ணமி வேலையாக்கும்மா. கடல் ஏறி இம்புட்டுத் தூரம் வந்துட்டு" என்றார் முகைதீன்.

"அப்போ இது கடல்தான். வண்டியை விடு."

பாலம் தாண்டினோம். நான் வயிற்றில் கை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கரையில் இறங்கியபின்தான் விட்டேன்.

இரும்புப் பாலத்தடியில் இவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். யாரும் சொல்லவில்லை, தானாகவே கழற்றினார். தூணில் கையை வைத்தார். பிறகு எங்களைக் கரைமேட்டில் ஏற்றி, தூணின் உச்சியில் கர்டர், அதாவது பாலத்தின் நீள இரும்பு உத்தரம், வந்து உட்காருகிற இடத்தை எனக்குக் காட்டினார். கர்டருக்கு அடியில் வரிசையாக இரும்பு உருளைகள்.

"வெயில்லே இரும்பு நீளும், ஷ்யாமளா. ராத்திரி சுருங்கும். ரெண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினா தூணையே பிளந்துடும். அதனாலே ஒரு முனையைத்தான் கட்டுவா. இன்னொரு முனையை உருளைமேலே விட்டுடுவா. அது தன்பாட்டுக்கு நகந்துக்கும்."

"நகர்றது தெரியுமா?"

"தெரியாது. ஆனா நகர்றது."

அத்தனை பெரிய இரும்பு. ரயிலையே தாங்குகிற இரும்பு. அதற்கும் வெயில் சுடும், அதற்கும் கொஞ்சம் இடம் வேண்டும் என்று எவனோ ஒருவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வயிற்றில் பிள்ளை இருந்தால் எதற்கெடுத்தாலும் அழுகை வரும் என்பார்கள், இருக்கட்டும். ஆனால் மாமியாருக்கு என்ன சாக்கு? அவரும் உருளைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். "யாருடா இதை யோசிச்சான்?" என்று கேட்டார். "மகராஜன், நன்னா இருக்கணும்." இவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. சொல்லிக் காட்டவும் செய்தேன்.

ஆலமரத்தடியில் சாப்பிட்டோம். இவர் புளியோதரைக் கையோடு காற்றில் பாலம் வரைந்தார். வெயில் தாழ்ந்ததும் திரும்பக் கிளம்பி, கல் பாலத்தின் தலைமாட்டுக்கு வந்து, கட்டளைப்படி வண்டியை நிறுத்தினோம். தண்ணீர் வெகுவாகக் கீழே போயிருந்தது. உச்சிப்போதில் மூழ்கியிருந்த பாறைகள் முதுகைக் காட்டின. மாமியார் இறங்கிப் போய் விரலை வைத்தார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"கரிக்கலே."

"என்னம்மா சொல்றே?"

"தித்திப்பா இருக்குடா. இது ஆறு."

"அம்மா, மத்தியானம் தாண்டின அதே பாலம்! அதே கல்லு!"

"பாலம் அதேதான். தண்ணி வேற."

இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பாலங்களைப் பற்றி எல்லாம் தெரிந்தவர், கீழே ஓடுகிற தண்ணீரை யோசிக்கவில்லை. நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. "இப்பம் வத்தம்மா, கடல் இறங்குற நேரம். இனி ராத்திரிதான் ஏறும்" என்றார் முகைதீன்.

"ஏறட்டும். உக்காந்திருப்போம்" என்று மாமியார் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். இவர் கெஞ்சினார், கத்தினார், பனி இறங்கும் என்றார். மாமியார் அசையவில்லை. "ரெண்டு பிள்ளையை ஆத்துக்குக் குடுத்தாச்சு. மூணாவதைக் குடுக்க மாட்டேன்" என்றார்.

எனக்கு இரண்டு பேர்மேலும் எரிச்சல். முகம் கழுவிக்கொள்ளலாம் என்று கரைக்கு இறங்கினேன். இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டேன். உதட்டில் வழிந்த தண்ணீர் இளநீர்போல இருந்தது. உப்பு என்ற பேச்சே இல்லை.

நிமிரும்போது வலி வந்தது.

இடுப்பில் ஆரம்பித்து முன்னால் வந்து அழுத்துகிற வலி. எனக்குப் பழக்கமான வலி. இரண்டு தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு மேட்டில் ஏறினேன். பாதியில் இன்னொரு தடவை வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயம். கை மட்டும் தானாக இடுப்புக்குப் போயிற்று.

மாமியார் அந்தக் கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார். இந்தக் கரையில் வயலும் எருமைகளும்தான். டாக்டர் என்று யாராவது வேண்டுமானால் கல்யாணில், எங்கள் லேடி டாக்டர் வேண்டுமானால் மாதுங்காவில். எல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

எழுந்தார். கூஜாவை எடுத்துக்கொள்ளவில்லை. புடவையைத் தூக்கிக்கொள்ளவும் இல்லை, கொசுவம் சேற்றில் புரள விறுவிறுவென்று இறங்கினார். விரல் நுனி இல்லை இந்தத் தடவை. உள்ளங்கை நிறைய அள்ளிக் குடித்தார். பிறகு நிமிர்ந்து, எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"உப்பு."

"அம்மா, இப்பத்தானே நீ..." என்று இவர் ஆரம்பித்தார்.

"உப்புடா! நாக்கிலே வைக்க முடியலே, ஒரே கரிப்பு. கடல் ஏறிடுத்து. வண்டியை எடுக்கச் சொல்லு."

முகைதீன் பாறைகளைப் பார்த்தார். அவை முன்னைவிட அதிகமாகத்தான் வெளியே தெரிந்தன. "ஆமாம்மா, ஏறிட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மாமியார் பின்ஸீட்டில் என்னை மடியில் சாய்த்துக்கொண்டார். ஈரக் கையை என் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டார். பாலத்தில் ஏறியதும் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டித் தண்ணீரையே முறைத்துக்கொண்டு வந்தார், சண்டைக்கு வந்தவளை வாசலிலேயே நிறுத்திவைக்கிற மாதிரி. கடைசி வளைவு தாண்டும் வரைக்கும் கண் இமைக்கவில்லை. அவர் வாயைக் கொப்பளிக்கவில்லை என்பது எனக்கு அந்தக் கரைக்கு வந்தபிறகுதான் உறைத்தது.

கல்யாணில் ஒரு டாக்டர் வீட்டில் ஊசி போட்டார்கள். மாதுங்கா வந்து சேருவதற்குள் வலி அடங்கியிருந்தது. லேடி டாக்டர் எங்கள் நால்வரையும் சேர்த்துத் திட்டினார், முகைதீன் உட்பட. பிள்ளை பத்திரமாக இருக்கிறது, இனி பாலமும் கிடையாது ஒன்றும் கிடையாது, படுக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்றார்.

மறுநாள் நான் கட்டிலில் படுத்துக்கொண்டு கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் போட்டுவிட்டு மாமியார் கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தார். ரசமும் குழம்பும் ஒதுக்கிவிட்டார். வெறும் சாதத்தில் உப்பில்லாத மோரை விட்டுக்கொண்டார். மாமனார் கேட்டதற்கு, "கால் வீங்கறது. உப்பு ஆகலே" என்றார். எனக்குத் தெரிந்து அவர் கால் வீங்கியிருக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. மாசி போயிற்று, பங்குனி போயிற்று. சித்திரை வருஷப் பிறப்பன்று வடையும் மாங்காய்ப் பச்சடியும் பண்ணி எங்களுக்கெல்லாம் போட்டுவிட்டு, தான் வெறும் மோர்சாதத்தைப் பிசைந்து விழுங்கினார். எனக்கு எதிரே உட்கார்ந்துதான் விழுங்கினார். என்னிடமும் கால் வீக்கத்தைத்தான் சொன்னார். நானும் காலைத்தான் விசாரித்தேன்.

வைகாசிக் கடைசியில் பெண் பிறந்தாள். முழு மாதம், நல்ல எடை, தொண்டை கிழிய அழுகை. வீட்டிலேயே பிரசவம். என் அம்மா ஊரிலிருந்து அத்தனை ஆறுகளையும் தாண்டி வந்திருந்தாள். லேடி டாக்டர் போனபிறகு, மாமியார் குழந்தையை வாங்கி விரல்களை எண்ணிப் பார்த்து, இரண்டு காதையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, என் பக்கத்தில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். கதவு ஒருக்களித்திருந்தது. தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அவர் குரல் கேட்டது.

"சம்பந்தி, மோருஞ்சாதத்துக்குக் கொஞ்சம் உப்புப் போடுங்கோ."

என் அம்மா போட்டிருக்க வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்றார்.